‘எல்லாம் போட்டாச்சு தம்பி’: கெடு தவறவிட்ட ஆடிட்டரும், அறிகுறி பார்த்துச் சரிசெய்வதும்

மார்த்தாண்டத்தில் தேனும் கிராம்பும் பாக்கெட் போட்டு விற்கிற சின்ன பிரைவேட் லிமிடெட் எங்களுடையது. நானும் மனைவியும்தான் இயக்குநர்கள். 2024 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, கடன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கம்பெனி பெயருக்குக் கீழே, கடைசி இருப்புநிலைக் குறிப்பின் தேதி 31.03.2021 என்று இருந்தது. அதாவது, 2021-22, 2022-23 இரண்டு வருடக் கணக்கும் அரசுக்குப் போகவேயில்லை. 2023-24 கணக்குக்கு இன்னும் இரண்டே நாள்.

நடுவில் எத்தனையோ தடவை ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றுதான்: “எல்லாம் போட்டாச்சு தம்பி, நீ பேடிக்காத (பயப்படாதே).”

அடுத்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதை, எந்த அறிகுறி தெரிந்தால் என்ன பார்ப்பது, என்ன செய்வது என்று எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்: உங்கள் ‘ஆடிட்டர்’ யார்?

நம்ம ஊரில் கணக்கு என்று வாயெடுத்தால் அவர் ஆடிட்டர்தான். கோட்டாறு சந்தையில் கடைக்கு டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவரும் ஆடிட்டர், ஜிஎஸ்டி மட்டும் போட்டுத் தருகிற கன்சல்டண்டும் ஆடிட்டர், உண்மையான பட்டயக் கணக்காளரும் (சிஏ) ஆடிட்டர். சட்டத்துக்கு இந்த மூவரும் வேறு வேறு ஆட்கள். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட சிஏ ஒருவரால்தான் முடியும். மற்றவர் எல்லா வேலையையும் செய்துவிட்டு, கடைசிக் கையெழுத்துக்கு எங்கோ ஒரு சிஏவிடம் கொண்டுபோவார். அந்த சிஏவை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

எனக்கும் அதுதான் நடந்தது. ஐந்து வருடம் ‘ஆடிட்டர் சார்’ என்று கூப்பிட்டவர் சிஏ இல்லை.

எனவே பழைய தணிக்கை அறிக்கை ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும். 2019 ஜூலைக்குப் பிந்தைய அறிக்கையானால், 18 எழுத்தும் எண்ணும் கொண்ட யூடிஐஎன் என்ற ஆவண அடையாள எண்ணும் இருக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த ஆறு அந்த உறுப்பினர் எண். சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐயின் யூடிஐஎன் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். எண் பொருந்தவில்லை என்றாலோ, எண்ணே இல்லை என்றாலோ, உங்கள் பிரச்சினை கெடு தவறியதோடு நிற்கவில்லை.

யாரிடம் புகார் சொல்வது, யாரிடம் எதைத் திருப்பிக் கேட்பது, வேறு ஆளை எப்படி அமர்த்துவது என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

அறிகுறி: ‘போட்டாச்சு’ என்கிறார், ரசீது மட்டும் வருவதில்லை

அவரிடம் ‘போட்டீங்களா’ என்று கேட்காதீர்கள். ‘எண் என்ன’ என்று கேளுங்கள். அரசுத் தளம் எதுவானாலும், தாக்கல் ஆன கணமே ஒரு எண் பிறந்துவிடும். கம்பெனிப் படிவங்கள் போகும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளமான எம்சிஏவில் அது எஸ்ஆர்என். ஜிஎஸ்டியில் ஏஆர்என். வருமான வரியில் ஒப்புகை எண். எண் இல்லாத தாக்கல் என்று ஒன்று கிடையாது.

வாட்ஸ்அப்பில் எனக்கு வந்ததெல்லாம் படிவத்தின் பிடிஎஃப். பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். கம்பெனி முத்திரைகூட இருக்கும். மூன்று வருடம் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். நிரப்பி வைத்த படிவத்துக்கும் தாக்கலான படிவத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சலான், கட்டணம் கட்டிய ரசீது. அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நீங்களே பார்க்கும் வழி இது. எம்சிஏ தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கம்பெனியின் அடிப்படை விவரத்தைத் திறங்கள். காசு வேண்டாம், ஆடிட்டரின் அனுமதியும் வேண்டாம். மூன்று இடத்தைப் பாருங்கள்: கம்பெனியின் நிலை, கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டத் தேதி, கடைசி இருப்புநிலைக் குறிப்பின் தேதி. ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுத் தேடினால், எந்த மாதம் எந்த ரிட்டர்ன் என்றைக்குப் போயிருக்கிறது என்பது பொதுவிலேயே தெரியும். உங்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள் அதை ஏற்கனவே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

வருமான வரிக்கு மட்டும் கம்பெனியின் லாகின் வேண்டும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு. ரிட்டர்னைப் பதிவேற்றிவிட்டுச் சரிபார்க்காமல் விட்டால் அது போடாத கணக்குத்தான். கம்பெனி ரிட்டர்னை டிஜிட்டல் கையெழுத்தால்தான் சரிபார்க்க முடியும். அந்தக் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கன் காலாவதியாகி இருந்தால் பதிவேற்றியது அப்படியே கிடக்கும்.

அறிகுறி: லாரி நிற்கிறது, இ-வே பில் வரவில்லை

இது எனக்கல்ல, தும்பு (தேங்காய் நார்) வியாபாரம் செய்கிற நண்பருக்கு. எர்ணாகுளத்துக்குச் சரக்கு ஏற்றியாகிவிட்டது. தார்ப்பாய் கட்டி, டிரைவர் சாயா குடித்துவிட்டு வந்து நிற்கிறார். களியக்காவிளை தாண்டினால் கேரளம். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலான சரக்கு, இ-வே பில் என்கிற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு இல்லாமல் நகர முடியாது. பில் போடப் போனால், தளம் அவருடைய ஜிஎஸ்டி எண்ணையே தடுத்து வைத்திருந்தது.

தொடர்ந்து இரண்டு வரிக்காலத்துக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற வரி ரிட்டர்ன் போகாவிட்டால் இந்தத் தடை தானாக விழும். மாதம்தோறும் போடுகிறவருக்கு அது இரண்டு மாதம். எடுப்பதும் சுலபம்: பாக்கியைத் தாக்கல் செய்தால் போதும், யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். வரியே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய். வரிப் பாக்கிக்கு வருடம் 18 சதவீத வட்டி தனி. விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ஒரு ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் 2,000 ரூபாயைத் தாண்டாது. கம்பெனிப் படிவத்தோடு ஒப்பிட்டால் ஜிஎஸ்டி தங்கமான துறை.

நண்பர் மாதாமாதம் வரிப் பணத்தை ஆடிட்டரின் கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். உங்கள் வழக்கமும் அதுவானால், ஜிஎஸ்டி தளத்தில் ரொக்கப் பேரேட்டைத் திறந்து, நீங்கள் அனுப்பிய தேதியையும் அங்கே வரவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பணம் அங்கே ஏறவேயில்லை என்றால், அதற்குப் பெயர் மறதி அல்ல.

ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யப் போகிறோம் என்று ரெக்-17 அறிவிப்பு வந்திருந்தால் பதிலுக்கு ஏழு வேலை நாள். ரத்தே ஆகிவிட்டால், பாக்கியை எல்லாம் போட்டுவிட்டு 90 நாளுக்குள் மீட்பு மனு கொடுக்கலாம்.

அறிகுறி: இயக்குநர் எண் செத்துக் கிடக்கிறது

டிஐஆர்-3 கேஒய்சி என்கிற இயக்குநர் அடையாளச் சரிபார்ப்புப் படிவம் போகாததால் டிஐஎன் (இயக்குநர் எண்) செயலிழந்தது என்று எம்சிஏ தளம் காட்டும். ஒரு ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டி கேஒய்சி போட்டால் எண் உயிர் பெறும். இதை முதலிலேயே முடியுங்கள். செயலிழந்த எண்ணால் வேறு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட முடியாது. வீட்டம்மாவோ அம்மாவோ இரண்டாவது இயக்குநராக இருந்தால் அவர்கள் எண்ணையும் பாருங்கள். என் மனைவியின் எண் இரண்டு வருடமாக அப்படிக் கிடந்தது. தான் இயக்குநர் என்பதே அவளுக்குக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட மாதிரிதான்.

அறிகுறி: ஆண்டுக் கணக்கு போகவில்லை, இரண்டு வருடமோ அதற்கு மேலோ

இங்கேதான் மீட்டர் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மார்ச் 31-ல் வருடம் முடிகிறது. செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதிலிருந்து 30 நாளுக்குள் கணக்கு, ஏஓசி-4 படிவத்தில். 60 நாளுக்குள் ஆண்டறிக்கை, சின்ன கம்பெனிக்கு எம்ஜிடி-7ஏ. கூட்டமே நடக்கவில்லை என்றாலும், நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கெடு ஓடும். ஆக, சாதாரணமாக அக்டோபர் 30, நவம்பர் 29.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு, படிவம் ஒன்றுக்கு, 100 ரூபாய். 2018 ஜூலையிலிருந்து இப்படி. உச்சவரம்பு இல்லை. சின்ன கம்பெனி, நஷ்டக் கம்பெனி, ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத கம்பெனி, எல்லாருக்கும் அதே 100.

நாங்கள் கடைசியில் தாக்கல் செய்து முடித்தது 2024 நவம்பர் 28. எங்கள் கணக்கு இது:

2021-22: ஏஓசி-4க்கு 760 நாள், 76,000. எம்ஜிடி-7ஏக்கு 730 நாள், 73,000.
2022-23: ஏஓசி-4க்கு 395 நாள், 39,500. எம்ஜிடி-7ஏக்கு 365 நாள், 36,500.
2023-24: ஏஓசி-4க்கு 29 நாள், 2,900. எம்ஜிடி-7ஏ கெடுவுக்கு ஒரு நாள் முன்பே போய்விட்டது.

மொத்தம் 2,27,900 ரூபாய். கிராம்பு பாக்கெட்டாக எண்ணிப் பார்த்தேன், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஆடிட்டரோடு இழுபறியில் போன பத்து நாளும் இந்த மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறு படிவத்தில் நான்கு ஏற்கனவே கெடு தாண்டியவை. அக்டோபர் 30-க்குப் பிறகு ஐந்து. அப்படியென்றால் ஒரு நாள் கோபத்துக்கு 500 ரூபாய். ‘நீ செய்த வேலை, நீயே சரிபண்ணு’ என்று அவரிடமே திரும்ப ஒப்படைப்பதும் இதே செலவுதான். இரண்டு வருடம் செய்யாதவர் இரண்டு வாரத்தில் செய்துவிடுவார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

வேலையின் வரிசை முக்கியம். பழைய வருடம் முதலில். அதற்கும் முன்னால், அந்த வருடத்துக்குத் தணிக்கையாளர் முறையாக நியமிக்கப்பட்டிருக்கிறாரா, அந்த நியமனத்துக்கான ஏடிடி-1 படிவம் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஏஓசி-4 படிவம் அந்த எஸ்ஆர்என்னைக் கேட்கும். பல இடத்தில் வேலை நின்றுபோவது இங்கேதான். ஏடிடி-1 தாமதத்துக்கு நாள் கணக்கு இல்லை, மடங்குக் கணக்கு: 180 நாள் தாண்டினால் சாதாரணக் கட்டணத்தைப் போல 12 மடங்கு. மூலதனம் ஒரு லட்சமுள்ள கம்பெனிக்குச் சாதாரணக் கட்டணம் 300 ரூபாய்தான், எனவே வலி பொறுக்கலாம்.

‘கூட்டத்தை அந்தந்த வருட செப்டம்பரிலேயே நடத்தினதா எழுதிக்கலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே. கட்டணம் ஒரு ரூபாயும் குறையாது. தணிக்கை அறிக்கையில் கையெழுத்தான 60 நாளுக்குள் யூடிஐஎன் எடுத்தாக வேண்டும். 2024 நவம்பரில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு 2022 செப்டம்பரில் கணக்கை நிறைவேற்றினோம் என்று எழுதினால், பொய் அந்தப் பக்கத்திலேயே அச்சாகி நிற்கும். நடந்த தேதியைப் போட்டோம். கூட்டம் தாமதமானது தனிக் குற்றம், அதற்கும் தண்டனை உண்டு; ஆனால் அது பொய்க் கையெழுத்தைவிடச் சின்னது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. தாமதக் கட்டணம் வேறு, கம்பெனிப் பதிவாளர் (ஆர்ஓசி) தீர்ப்பளித்து விதிக்கும் அபராதம் வேறு. அபராதம் கம்பெனிக்குப் பொதுவாக 10,000 ரூபாயில் தொடங்கி நாளுக்கு 100 என்று ஏறும். இயக்குநருக்குத் தனியாக, சொந்தப் பையிலிருந்து. ஆனால் ஆண்டறிக்கை, ஆண்டுக் கணக்கு இந்த இரண்டு விஷயத்தில் மட்டும், தீர்ப்பு அதிகாரியின் அறிவிப்பு வருவதற்கு முன்போ வந்த 30 நாளுக்குள்ளோ தாக்கல் செய்துவிட்டால் அந்த அபராதம் கிடையாது. கம்பெனிச் சட்டத்தின் 454-வது பிரிவில் 2020 திருத்தம் சேர்த்த சலுகை இது. எனவே ‘எப்படியும் மாட்டியாச்சு, மெதுவாப் பாத்துக்கலாம்’ என்பது தவறான கணக்கு.

இன்னொரு பக்கம் மூன்று என்கிற எண். தொடர்ந்து மூன்று நிதியாண்டுக்குக் கணக்கோ ஆண்டறிக்கையோ போகாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள், 164(2) பிரிவு. வேறு கம்பெனிகளில் இருக்கும் பதவியும் போகும். 2017-ல் ஒரே மூச்சில் லட்சக்கணக்கான இயக்குநர்கள் இப்படிப் பட்டியலில் ஏறினார்கள். எங்கள் மூன்றாவது வருடம் விளிம்பில் நின்றது. அந்த எம்ஜிடி-7ஏ நவம்பர் 28 இரவு ஒன்பதே முக்காலுக்குப் போனது. சலானை அச்செடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

வருமான வரியும் இதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், பாருங்கள். கம்பெனிக்கு வழக்கமான கெடு அக்டோபர் 31. தவறினால் தாமதக் கட்டணம் அதிகபட்சம் 5,000தான். நிஜமான இழப்பு அதுவல்ல. அந்த வருட வியாபார நஷ்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடும். தேய்மானப் பாக்கி மட்டும் தப்பும். பிடித்தம் செய்த வரிக்கான டிடிஎஸ் அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், ஆனால் பிடித்த வரித் தொகையைத் தாண்டாது.

அறிகுறி: சென்னையிலிருந்து தபால் வந்திருக்கிறது

குமரி மாவட்டக் கம்பெனிக்குப் பதிவாளர் சென்னை ஆர்ஓசி. கோவைப் பதிவாளருக்கு உட்பட்டதென்றால் கம்பெனி எண்ணில் டிஇசட் என்று இருக்கும், சென்னை என்றால் டிஎன். தபாலைப் பிரித்ததும் படிவத்தின் பெயரைப் பாருங்கள்.

எஸ்டிகே-1 என்றால், உங்கள் கம்பெனியின் பெயரை நீக்கலாமா என்று கேட்கிறார்கள். 30 நாள் இருக்கிறது. வியாபாரம் நடக்கிறது என்பதற்கு வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பில்கள் வைத்துப் பதில் அனுப்பி, கூடவே பாக்கிப் படிவங்களைப் போடத் தொடங்குங்கள். எஸ்டிகே-7 என்றால் பெயர் நீங்கியாயிற்று. வங்கிக் கணக்கு முடங்கும். பிறகு சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், 252-வது பிரிவில். வக்கீல் கட்டணம், ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், திரும்பவும் அதே பாக்கிப் படிவங்கள், அதே நாளுக்கு 100 ரூபாய்.

கம்பெனியே வேண்டாம் என்று நீங்களே நினைத்தால் எஸ்டிகே-2 போட்டு மூடலாம். 10,000 ரூபாய் கட்டணம். ஆனால் வியாபாரம் நின்ற வருடம் வரைக்குமான பாக்கிக் கணக்கைப் போட்ட பிறகுதான் வாசல் திறக்கும்.

தபாலே வரவில்லை, ஆனால் நடவடிக்கை நடந்திருக்கிறது என்றால் பதிவு அலுவலக முகவரியைப் பாருங்கள். ஆடிட்டர் தன் ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருப்பார்.

அறிகுறி: ஓடிபி அவருக்குப் போகிறது, டோக்கனும் அவரிடம்

அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. திறந்தால் முப்பது நாற்பது டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பெயர், சிலவற்றில் கடவுச்சொல்லும் சேர்த்து. என்னுடையதில் பெயர்கூட இல்லை, கடைப் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தார். அந்த டப்பாவுக்குள் கிடந்தது முப்பது பேருடைய கையெழுத்து.

டோக்கனை நேரில் போய் வாங்குங்கள். தரவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லிப் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள். ஓரிரு நாள் வேலை. பிறகு இந்த வரிசையில் மாற்றுங்கள்: வருமான வரித் தளத்தில் மின்னஞ்சல், கைபேசி, ஜிஎஸ்டியில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் எண், கேஒய்சி மூலம் இயக்குநர் எண்ணில் உள்ள கைபேசி, கடைசியாக எல்லாக் கடவுச்சொல்லும். மின்னஞ்சல் கம்பெனி பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். மகன் பெயரிலோ மச்சான் பெயரிலோ வேண்டாம், நாளைக்கு அதே கதை.

நீங்கள் போடாத கையெழுத்து உங்கள் டோக்கனில் விழுந்திருந்தால் விஷயம் வேறு. பிறருடைய மின்னணுக் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். ஆனால் டோக்கனைக் கொடுத்து, ‘நீங்களே போட்டுக்குங்க சார்’ என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பிரிவைத் தூக்கினால், போலீஸ் ஸ்டேஷனில் உங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அறிகுறி: பில்லும் பேரேடும் தர மறுக்கிறார்

கம்பெனிக் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டிய இடம் பதிவு அலுவலகம். எட்டு வருடம் பாதுகாக்க வேண்டியது கம்பெனி. சட்டம் இப்படித்தான் சொல்கிறது. வாஸ்தவத்தில் எல்லாம் அவருடைய ஆபீஸ் அலமாரியில் மஞ்சள் துணிப்பையில் தொங்கும்.

அவருக்குக் கட்டண பாக்கி இருக்கிறதா என்று உள்ளதைப் பாருங்கள். இருந்தால், சர்ச்சை இல்லாத தொகையைக் கொடுத்துவிடுங்கள், வங்கி வழியாக. ‘வேலையே செய்யாதவனுக்குக் காசா’ என்று வீட்டில் கேட்பார்கள். காரணம் உண்டு: பழைய சிஏவின் சர்ச்சையில்லாத தணிக்கைக் கட்டணம் பாக்கி இருந்தால், புது சிஏ பொறுப்பேற்பதை ஐசிஏஐ விதி தடுக்கிறது. புதியவர் பழையவருக்கு எழுத்தில் தெரிவித்த பிறகுதான் ஏற்க முடியும் என்பதும் விதி. இந்தக் கடிதத்தைத்தான் ஊரில் ‘என்ஓசி’ என்கிறார்கள். அவர் பதில் போடாமலே இருந்தாலும், அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் வேலை நிற்காது.

சட்டப்படியான தணிக்கையாளரை நடுவில் நீக்குவது பெரிய பாடு: மத்திய அரசின் ஒப்புதல், சிறப்புத் தீர்மானம் எல்லாம் வேண்டும். ராஜினாமாக் கடிதம் கேளுங்கள். கொடுத்தால் 30 நாளுக்குள் அவர் ராஜினாமாப் படிவமான ஏடிடி-3 போட வேண்டும், இயக்குநர் குழு 30 நாளுக்குள் வேறொருவரை நியமித்து, மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட சிஏவும் வேலை செய்த கன்சல்டண்டும் வேறு வேறு ஆள் என்றால், இந்தப் பேச்செல்லாம் சிஏவோடு. கன்சல்டண்டை நிறுத்த ஒரு வாட்ஸ்அப் போதும்.

புத்தகம் கிடைக்கவே கிடைக்காவிட்டால் வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி தளத்தில் உள்ள ஜிஎஸ்டிஆர்-2பி கொள்முதல் பட்டியல், வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் வரி விவரம் மூன்றையும் வைத்தே பெரும்பகுதியைத் திரும்ப எழுதிவிடலாம். எங்களுக்கு 2021-22 அப்படித்தான் எழுதப்பட்டது, பதினோரு நாளில்.

அறிகுறி: ‘அபராதத்தை அவர்தானே கட்டணும்?’

நியாயமாகப் பார்த்தால் ஆமாம். பதிவாளர் முன்னால் இல்லை. அங்கே பொறுப்பு கம்பெனிக்கும் இயக்குநருக்கும். ‘ஆடிட்டர் செய்யலை’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே நீங்கள் கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கப் பார்க்க வேண்டும்.

அவர் சிஏ என்றால், கடும் அசட்டை தொழில் ஒழுங்கீனம். ஐசிஏஐயின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் படிவம் 1-ல் புகார் கொடுக்கலாம். கண்டிக்கலாம், அபராதம் போடலாம், பெயரை நீக்கலாம். உங்கள் பணத்தை வாங்கித் தர மாட்டார்கள். கன்சல்டண்ட் என்றால் ஐசிஏஐக்கு அவரோடு ஒரு சம்பந்தமும் இல்லை. நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது, ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்ற கேள்வி வாசலிலேயே எழும். சிவில் வழக்குக்கு மூன்று வருடம் வரை நேரம் உண்டு. அங்கே ஜெயிப்பது உங்கள் கோபத்தால் அல்ல, ஒப்பந்தமோ கட்டண ரசீதோ ‘போட்டாச்சு’ என்ற செய்தியோ இருப்பதால்.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை முதலில் ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். அவர் அழிக்கும் முன்.

அறிகுறி: அவர் சொந்தக்காரர்

மார்த்தாண்டத்தில் யார்தான் சொந்தக்காரர் இல்லை? என் ஆடிட்டர் என் சித்தப்பாவின் மைத்துனர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர். சண்டை போட்டால் என் அப்பாதான் தலை குனிய வேண்டும்.

போனில் பேசவில்லை. கீழே உள்ளதை அனுப்பினேன்:

“சார், வணக்கம். எம்சிஏ தளத்தில் பார்த்தேன். 2021-22, 2022-23 கணக்கும் ஆண்டறிக்கையும் போகவில்லை. இனி கம்பெனி வேலையை வேறொருவர் பார்க்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வருகிறேன். எடுத்துவைக்க வேண்டியவை: எங்கள் இரண்டு பேர் டோக்கன், 2019 முதல் பில் பைகள், டேலி பேக்கப், வருமான வரி மற்றும் ஜிஎஸ்டி கடவுச்சொற்கள், கையெழுத்துப் போட்ட சிஏவின் பெயரும் உறுப்பினர் எண்ணும். உங்களுக்கு உள்ள பாக்கி எவ்வளவு என்று எழுதி அனுப்பினால் அன்றே தந்துவிடுகிறேன்.”

குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, ஆனால் தேதி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, எந்த வருடம் போகவில்லை என்பதும் எழுத்தில் இருக்கிறது. இரண்டு நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் கழித்து, “சரி தம்பி” என்று வந்தது.

வெள்ளிக்கிழமை போனபோது அவர் இல்லை. பையன் ஒருத்தன் மஞ்சள் பைகளையும் ஒரு கவரையும் மேஜைமேல் வைத்திருந்தான். பைகளில் 2019, 2020 பில்கள் சரியாக இருந்தன. 2021-க்கு உரிய பையில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் பில்கள். கவரில் இரண்டு டோக்கன். வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தேன்: என்னுடையது 2023 பிப்ரவரியிலேயே காலாவதி. மனைவியுடையதில் வேறு யாரோ ஒரு அம்மாவின் பெயர் வந்தது. மறுநாள் காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.